றொக் இசையும் செவியின் சுகமும்

கூட்டத்துக்கெனப் பிறந்த இசை றொக் இசை. ஆயிரக்கணக்கானோர் திரண்டு நிற்கும் மைதானத்திலே, ஆளுயர ஒலிபெருக்கிகள் சுவர்போல அடுக்கப்பட்டிருக்க, மின்கிற்றாரும் முரசும் நெஞ்சில் அறைந்தாற்போல் ஒலிக்கக் கேட்பதே அதன் இயல்பு என்பர். ஆயினும் அவ்விசையின் அன்பர்கள் எத்தனையோ பேர் இன்று அதனைத் தனித்திருந்தே கேட்கின்றனர். பஸ்ஸின் யன்னலோரத்திலும், மாணவர் விடுதியிலும், வீட்டார் உறங்கிய பின்னர் படுக்கையறையிலும் அவர்களுக்கும் அவ்விசைக்கும் இடையே நிற்பது தலையில் மாட்டும் ஒரு சிறு கருவி மாத்திரமே. ஹெட்போன் என்று உலகெங்கும் வழங்கும் அக்கருவியே அவர்தம் மைதானம். அதுவே அவர்தம் அரங்கு.

அத்தகைய கருவியை வாங்கப் புகுவோர் கடையில் என்ன கேட்கின்றனர்? "நல்ல பேஸ் இருக்கிறதா?" என்று கேட்கின்றனர், "எந்தக் கொம்பனி?" என்று கேட்கின்றனர், "என்ன விலை?" என்று கேட்கின்றனர். "இதனை ஒரு மணி நேரம் தலையில் வைத்திருக்க முடியுமா?" என்று கேட்போர் மிகச் சிலரே. அந்த ஒரு வினாவைக் கேளாது விடுவதனால் விளையும் நட்டம் பணநட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. செவியிற் சரியாகப் பொருந்தாத கருவி, கேட்போனைச் சத்தத்தைக் கூட்டத் தூண்டுகின்றது. கூட்டிய சத்தம் செவியையே கெடுக்கின்றது. ஆதலின் சுகம் என்பது ஈண்டு ஆடம்பரமன்று. அதுவே இக்கருவியின் முதற் குணம். அச்சுகத்தைச் சிறிய விலைக்கே பெறலாம் என்பதும் மகிழ்ச்சிக்குரிய உண்மை. இவ்விரண்டையும் சற்று விரிவாக நோக்குவோம்.

பாரம் குறைந்த கதை

ஹெட்போனின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பின், அது பெரும்பாலும் பாரம் குறைந்த கதையாகவே தோன்றும். ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் போல்ட்வின் என்பவர் தமது வீட்டுச் சமையலறையில் வைத்து இரு செவிக்குமுரிய கருவிகளைச் செய்து, 1910 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைக்கு வழங்கினார். இசை கேட்பதற்காக எழுந்தவையல்ல அவை. கம்பியில்லாத் தந்திச் செய்திகளைச் செவிமடுக்கும் ஊழியருக்காக எழுந்தவை. 1937 இல், பேர்லின் நகரில் ஒய்கன் பையர் நிறுவிய கொம்பனி டி.டி. 48 என்ற கருவியை வெளியிட்டது. காந்தத்தின் நடுவே ஒரு மெல்லிய கம்பிச்சுருள் அசைந்து, தன்னோடு பிணைந்த மென்தகட்டையும் அசைத்து ஒலியெழுப்பும் 'டைனமிக்' முறை அதனோடுதான் ஹெட்போனுக்கு வந்து சேர்ந்தது. இன்று நாம் வாங்கும் கருவிகளிற் பெரும்பாலானவை அம்முறையிலேயே இயங்குகின்றன.

வீட்டிலிருந்து இசை கேட்பதற்கு ஸ்டீரியோ ஹெட்போன் என்ற எண்ணம் 1958 இல் உருப்பெற்றது. மில்வோக்கி நகரத்து ஜோன் கொஸ் என்பவர் எடுத்துச் செல்லத்தக்க ஓர் இசைத்தட்டுக் கருவியை அமைத்தார். இரு செவிக்கும் வெவ்வேறு ஒலியை வழங்கும் ஸ்டீரியோ முறையின் சிறப்பை எடுத்துக்காட்டுவதற்காக, எஸ்.பி. 3 என்ற ஹெட்போனையும் அதனோடு சேர்த்துக் கண்காட்சியொன்றில் வைத்தார். அவர் விற்க எண்ணியது இசைத்தட்டுக் கருவியை. மக்கள் விரும்பியதோ அதற்குத் துணையாக வந்த ஹெட்போனை! றொக் அண்ட் றோல் இசை அமெரிக்க இளைஞரைப் பற்றிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

ஆயினும் அக்காலத்துக் கருவிகள் செவியை இறுக மூடும் கனத்த கிண்ணங்களாகவே இருந்தன. 1968 இல் ஜேர்மனியின் சென்ஹைசர் கொம்பனி எச்.டி. 414 என்ற கருவியை வெளியிட்டது. பின்புறம் திறந்திருக்கும் முதலாவது ஹெட்போன் இதுவே. இதன் மஞ்சள் நிறப் பஞ்சு மெத்தைகள் செவியின்மேல் இலேசாகப் படிந்தன. காற்றும் உட்புகுந்து வெளிவந்தது. 1979 யூலை 1 இல் யப்பானின் சோனி கொம்பனி வோக்மன் என்ற சிறு ஒலிநாடாக் கருவியை விற்பனைக்கு விட்டபோது, அதனோடு வந்ததும் பஞ்சு மெத்தையிட்ட ஓர் இலேசான ஹெட்போனே. முதல் வோக்மனில் இருவர் சேர்ந்து கேட்பதற்கென இரு துளைகள் இருந்தன என்பது சுவையான செய்தி.

பின்னர் 1984 இல் கொஸ் கொம்பனி போட்டா புரோ என்ற கருவியை வெளியிட்டது. மெல்லிய உலோகத் தலைப்பட்டியுடைய இதனை மடித்துச் சட்டைப் பையில் இட்டுக்கொள்ளலாம். செவிக்கு மேலே, நெற்றிப்பொட்டின் பக்கமாகப் படியும் இரு சிறு மெத்தைகள் இதன் தனிச் சிறப்பு. செவி தாங்கவேண்டிய பாரத்தில் ஒரு பங்கை அவை மண்டைக்கு மாற்றிவிடுகின்றன. அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு நெம்பும் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இக்கருவி பழைய வடிவத்திலேயே ஏறத்தாழ 50 டொலருக்கு விற்பனையாகி வருகின்றது. புதுமை புதுமையென்று ஓடும் மின்னியல் வணிகத்தில், ஒரு பொருள் இத்துணைக் காலம் நிலைப்பதற்குக் காரணம் வேறென்ன? அணிந்தவர் அதனை அணிந்திருப்பதையே மறந்துவிடுகின்றனர் என்பதுதான்.

றொக் இசை வேண்டுவது யாது?

மெலிவு, சமன், வலிவு எனச் சுரங்களுக்கு மூன்று தானங்கள் வகுத்தது நம் இசை மரபு. றொக் இசையையும் அவ்வாறே பகுத்து நோக்கின், அது கருவியிடம் வேண்டுவது யாதெனத் தெளிவாகும்.

மெலிவிலே நிற்பவை பேஸ் கிற்றாரும், காலால் மிதித்து ஒலிக்கும் பெருமுரசும். நான்கு தந்திப் பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த சுரத்தின் மீடிறன் ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ். சமனிலே நிற்பவை மின்கிற்றாரும் பாடுவோர் குரலும். மின்கிற்றாரின் அடிப்படைச் சுரங்கள் 82 ஹேர்ட்ஸில் தொடங்கி ஏறத்தாழ 1,200 ஹேர்ட்ஸ் வரை செல்லும். றொக் இசைக்கே உரிய அந்தக் கரகரப்பான, உறுமுகின்ற ஒலியோ, இச்சுரங்களைச் சிதைத்து அவற்றின்மேல் எண்ணற்ற மேற்சுரங்களை ஏற்றுவதனால் உண்டாவது. அது 5,000 ஹேர்ட்ஸ் அளவுவரை பரந்து கிடக்கும். வலிவிலே மின்னுபவை தாளத்தட்டுகள்; அவற்றின் ஒலி 10,000 ஹேர்ட்ஸுக்கு அப்பாலும் செல்லும்.

இனி நம் செவியின் இயல்பைப் பார்ப்போம். 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியையே மனிதச் செவி மிகக் கூர்மையாக உணர்கின்றது. செவிக்குழாயின் நீளமே 3,000 ஹேர்ட்ஸ் அளவிலான ஒலியை இயல்பாக ஓங்கச் செய்கின்றது. கரகரக்கும் கிற்றாரும், உச்சத்திற் கூவும் குரலும், சிறுமுரசின் அறைதலும் ஒன்றோடொன்று போட்டியிடும் இடமும் அதுவே. ஆதலின் அவ்விடத்தில் அளவுக்கு மிஞ்சி ஒலிக்கும் ஹெட்போன், முதல் ஐந்து நிமிடங்களுக்குத் தெளிவுடையதாகத் தோன்றி, அரைமணி நேரத்திற் செவியைக் குடையத் தொடங்கும். அதற்கு மேலே, 8,000 முதல் 10,000 ஹேர்ட்ஸ் வரையில் ஓங்கி நிற்கும் கருவியோ தாளத்தட்டுகளைத் தகரம்போல் ஒலிக்கச் செய்யும். மறுபுறம், பேஸ் மிகுந்ததென விளம்பரஞ் செய்யப்படும் கருவிகள் பலவற்றிலே தாழ்ந்த ஒலி வீங்கிக் கிற்றாரையும் குரலையும் மூடிவிடுகின்றது. சில வகை நடன இசைக்கு அவ்வீக்கம் பொருந்தலாம். கிற்றாரையே உயிராகக் கொண்ட றொக் இசைக்குப் பொருந்தாது. நடு ஒலி தெளிந்து, தாழ்ந்த ஒலி இறுகி, உச்ச ஒலி அடங்கி நிற்றலே றொக் இசை வேண்டுவது.

சுகம் என்பது யாது?

ஹெட்போனின் சுகம் நான்கு உறுப்புடையது: பாரம், இறுக்கம், மெத்தை, பொருத்தம்.

பாரம் எவரும் எளிதில் அறியக்கூடியது. அப்பிள் கொம்பனி 2020 இல் 549 டொலருக்கு வெளியிட்ட எயர்பொட்ஸ் மக்ஸ் ஏறத்தாழ 385 கிராம் நிறையுடையது. யப்பானின் ஓடியோ டெக்னிக்கா கொம்பனியின் எம் 20 எக்ஸ், அதன் விலையில் ஒரு சிறு பங்கே பெறும் கருவி. அதன் நிறை ஏறத்தாழ 190 கிராம். விலையோடு சேர்ந்து சுகமும் ஏறுகின்றது என்ற எண்ணம் முதற்படியிலேயே தடுமாறுவதைக் காண்க.

இறுக்கம் என்பது இரு கிண்ணங்களும் தலையை எவ்வளவு விசையோடு அழுத்துகின்றன என்பது. மிக இறுகின் தாடையும் நெற்றிப்பொட்டும் நோகும். மிக நெகிழின் கருவி வழுகும், தாழ்ந்த ஒலியும் கசிந்துவிடும். தலைகள் பலவிதம், ஒருவருக்கு இதமானது மற்றொருவருக்கு இடுக்கியாகும். ஆகவே இக்குணத்தைப் பிறர் சொல்லக் கேட்டறிய முடியாது.

மெத்தைகளில் இருவகை உண்டு. செவியின்மேலே படிவது ஒன்று. செவியைச் சுற்றி வளைத்து மண்டையின்மேற் படிவது மற்றொன்று. முன்னையது சிறியது, மலிவானது. ஆயின் செவிமடலை நேரே அழுத்துவது. பின்னையது நெடுநேரம் தாங்கக்கூடியது. ஆயின் செவிமடல் முழுதும் உள்ளே அடங்கும் அளவுக்குக் கிண்ணம் அகன்றிருத்தல் வேண்டும். மெத்தையின் உறை எதனாலானது என்பதும் எம்போன்ற வெப்பநாட்டவர் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. செயற்கைத் தோலுறை ஒலியை நன்கு அடைக்கும். ஆனால் வியர்வையைப் பெருக்கும், ஈரக்காற்றிலே விரைவில் உரியவுஞ் செய்யும். வெல்வெட் போன்ற துணியுறை செவிக்குக் குளிர்ச்சி. ஆனால் தாழ்ந்த ஒலியைச் சற்றே கசியவிடும். எதுவாயினும், மெத்தையைக் கழற்றி வேறொன்று பொருத்தக்கூடிய கருவியை வாங்குவதே அறிவுடைமை.

நான்காவதாகிய பொருத்தமே சுகத்தையும் ஒலியையும் ஒன்றாகப் பிணைப்பது. செவியைச் சுற்றி வளைக்கும் மூடிய கருவியொன்றில், மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாற்கூடத் தாழ்ந்த ஒலி அதன் வழியே வெளியேறிவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு போதும், காதணி போதும், அடர்ந்த கூந்தல் போதும். அப்பொழுது கேட்பவர் யாது செய்கின்றார்? பேஸ் போதவில்லையென்று சத்தத்தைக் கூட்டுகின்றார். கசிந்து குறைந்தது தாழ்ந்த ஒலி மட்டுமே. கூடுவதோ எல்லா ஒலியும்! 1933 இல் பிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட முடிபு இதனை மேலும் விளக்கும். ஒலி மெல்லிதாகுந்தோறும் நம் செவி தாழ்ந்த சுரங்களை நடுச் சுரங்களிலும் குறைவாகவே உணர்கின்றது என்று அவர்கள் காட்டினர். ஆகவே மெல்லிய சத்தத்திலும் தாழ்ந்த ஒலியைக் குறைவின்றித் தரக்கூடிய, செவியோடு நன்கு பொருந்திய கருவி, கேட்போனைச் சத்தம் கூட்டாமலே நிறைவடையச் செய்கின்றது. பொருத்தம் என்பது செவிக்குக் காவல் என்று சொல்வதன் பொருள் இதுவே.

திறந்ததா, மூடியதா?

பின்புறம் திறந்த கருவியில் ஒலி முன்னும் பின்னும் தடையின்றிச் செல்லும். இசை தலைக்குள்ளே அடைபட்டதுபோலன்றிச் சற்று வெளியே பரந்து நிற்பதாகத் தோன்றும், செவியும் வியர்க்காது. நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் ஜோசப் கிராடோ 1953 இல் தொடங்கிய குடும்பக் கொம்பனி ஆக்கிவரும் எஸ்.ஆர். 60 வரிசைக் கருவிகள் இவ்வகையைச் சார்ந்தவை. மின்கிற்றாரின் உறுமலை உயிரோடு முன்னிறுத்துவதில் அவை பெயர்பெற்றவை. ஆனால் அவற்றின் பஞ்சு மெத்தை செவிமடலை அழுத்துவது. சிலருக்கு அது பொறுக்காது. திறந்த கருவிகளுக்கு மற்றுமொரு குறையுண்டு. நாம் கேட்பதை அருகிலிருப்போரும் கேட்பர். வீதியின் இரைச்சலை நாமும் கேட்போம். இரவிலே தனியறையில் கேட்போருக்குத் திறந்த கருவி ஏற்றது; அதே அறையில் வேறொருவர் உறங்குவாராயின் அது பகையை வளர்க்கும்.

பஸ்ஸிலும் புகைவண்டியிலும் கேட்போருக்கு மூடிய கருவியே உகந்தது. இயந்திர இரைச்சலுக்கு மேலாக இசையைக் கேட்க முயல்வோர் தம்மையறியாமலே சத்தத்தைக் கூட்டுவர். வெளியொலியை அடைக்கும் கருவி அத்தேவையை ஒழிக்கின்றது. வெளியிரைச்சலுக்கு மாறான ஒலியலையை எழுப்பி அதனைத் தணிக்கும் மின்முறையும் இன்று விலை குறைந்த கருவிகளிலும் வந்துவிட்டது. பேருந்துப் பயணத்திலே அது வீண்செலவன்று.

விலை சொல்லாத உண்மை

விலை கூடியது நல்லது என்று நம்புவது மனித இயல்பு. 2017 இல் யெரூன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு, அவை எந்தெந்த மீடிறனை எவ்வளவு ஓங்கி ஒலிக்கின்றன என்பதற்கும் அவற்றின் விலைக்கும் தொடர்பேதும் காணப்படவில்லை என்ற முடிவை அமெரிக்க ஒலியியற் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். கூடிய விலைக்கு நாம் பெறுவது உறுதியான கட்டமைப்பாக இருக்கலாம், இரைச்சல் தணிக்கும் நுட்பமாக இருக்கலாம், அழகாகவும் இருக்கலாம். நல்ல ஒலி அவ்விலையிலே கட்டாயம் அடங்கியிருக்கும் என்று கொள்வதற்கு ஆதாரமில்லை.

தொழில்முறை ஒலிப்பதிவாளரின் மேசையைப் பார்ப்பின் இவ்வுண்மை மேலும் விளங்கும். சோனி கொம்பனி 1991 இல் வெளியிட்ட எம்.டி.ஆர். 7506 என்ற மூடிய கருவி, ஏறத்தாழ 100 டொலர் விலையில், உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வானொலி நிலையங்களிலும் இன்றும் புழங்குகின்றது. அதன் நிறை ஏறத்தாழ 230 கிராம். அதன் மெத்தையுறை காலப்போக்கில் உரிவது உண்மை. ஆனால் புதிய மெத்தை மலிவாகக் கிடைக்கும். அதனிலும் குறைந்த விலை வேண்டுவோருக்கு மேலே கூறிய எம் 20 எக்ஸும் போட்டா புரோவும் உள. தலைப்பட்டியே வேண்டாம், செவியிற் கொளுவினாற் போதும் என்போருக்கு, அதே கொஸ் கொம்பனியின் கே.எஸ்.சி. 75 ஏறத்தாழ 20 டொலருக்குக் கிடைக்கின்றது. தீர்வையும் கப்பற் கூலியும் சேர்ந்து நம் நாட்டுக் கடைகளில் இவ்விலைகள் ஏறுமென்பது உண்மையே. ஆயினும் இவற்றுக்கும் ஆடம்பரக் கருவிகளுக்கும் இடையிலுள்ள விகிதம் மாறுவதில்லை.

மலிவாக வாங்குவோர் மேலும் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளுதல் நலம். ஒன்று, மின்தடங்கல். பெட்டியின்மேல் ஓம் என்ற அலகில் இது குறிக்கப்பட்டிருக்கும். 16 முதல் 80 ஓம் வரையுள்ள கருவிகளுட் பெரும்பாலானவற்றைக் கைத்தொலைபேசியே போதிய அளவு ஒலிக்கச் செய்யும். 250 ஓம் உடைய கருவியை வாங்கினால் தனியே ஒரு விரியலாக்கியும் வாங்க நேரும். மலிவு அங்கே மறைந்துவிடும். மற்றது, கம்பி. 2016 இல் வெளியான ஐபோன் 7 இலிருந்து அப்பிள் கொம்பனி ஹெட்போன் துளையை நீக்கியது; ஏனையோர் பலரும் அவ்வழியே சென்றனர். அதனால் எல்லாரும் புளூடூத் கருவிக்கே மாறவேண்டுமென்பதில்லை. துளையில்லாத தொலைபேசிக்கு ஏறத்தாழ 10 டொலரில் ஓர் இணைப்பி கிடைக்கும். புளூடூத் கருவியின் விலையில் மின்கலத்துக்கும் வானலைப் பகுதிக்கும் ஒரு பங்கு போய்விடுகின்றது; மின்கலம் சில ஆண்டுகளில் நலிந்தும் போகின்றது. கம்பியுடைய கருவியிலோ பணம் பெரும்பாலும் ஒலிக்கே செல்கின்றது. கழற்றி மாற்றக்கூடிய கம்பியாயின் இன்னும் நன்று. ஹெட்போன்களிற் பல கம்பி அறுந்தே சாகின்றன.

கடையிலே ஒரு சோதனை

பழைய இசைத்தட்டு ஒன்றின் இரு பக்கங்களும் சேர்ந்து ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் ஓடும். பிங்க் புளொயிட் குழுவினர் 1973 மார்ச்சில் வெளியிட்ட 'த டார்க் சைட் ஒப் த மூன்' ஏறத்தாழ 43 நிமிடங்கள் கொண்டது. ஒரு ஹெட்போனின் சுகத்துக்கு அதுவே நல்ல அளவுகோல்: இசைத்தட்டின் இரு பக்கமும் முடியுமட்டும் ஒருமுறையேனும் கையை உயர்த்திக் கருவியைச் சரிசெய்யத் தோன்றாதாயின், அது உங்களுக்குரிய கருவி. கடைக்காரர் அவ்வளவு நேரம் பொறுக்கமாட்டார் என்பது மெய்தான். இருபது நிமிடங்களாவது அணிந்து பாருங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவராயின் அதனையும் அணிந்தே பாருங்கள். தலையைக் குனிந்தும் நிமிர்ந்தும் பாருங்கள். கழற்றியபின் செவியைத் தடவி நோவு உண்டா என்று நோக்குங்கள். நண்பரிடம் அதே கருவி இருப்பின், ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் வாங்குவதே எல்லாவற்றிலும் சிறந்த வழி.

ஒலியைச் சோதிக்கப் புதிய பாட்டு வேண்டாம். நூறுமுறை கேட்ட பாட்டே வேண்டும். லெட் செப்பலின் குழுவின் 1971 ஆம் ஆண்டு இசைத்தட்டிலுள்ள 'வென் த லெவீ பிரேக்ஸ்' என்ற பாட்டில் ஜோன் பொனமின் முரசொலி, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் படிக்கட்டுக் கூடத்தில் வைத்துப் பதியப்பட்டது. அம்முரசின் அறைதலோடு அக்கூடத்தின் வெளியும் செவியில் எழுகின்றதா என்று பாருங்கள். வெறும் 'தொம்' என்ற வீங்கிய ஓசை மாத்திரம் எழுமாயின் அக்கருவியை விட்டுவிடுங்கள். இரு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டல் மிக முக்கியம். சற்று ஓங்கி ஒலிப்பது எதுவோ அதுவே சிறந்தது என நம் செவி எளிதில் ஏமாறும்.

எல்லாக் குறையும் கருவியின் குறையுமல்ல. 1965 இல் வந்த பீற்றில்ஸ் குழுவின் 'ரப்பர் சோல்' இசைத்தட்டின் ஸ்டீரியோப் பதிவிலே குரல் பெரும்பாலும் ஒரு புறமும் வாத்தியங்கள் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும். அறையில் வைத்த ஒலிபெருக்கிகளில் அவை காற்றிலே கலந்துவிடும். ஹெட்போனிலோ ஒரு செவி பாட, மறுசெவி வாசிப்பதுபோல் இருக்கும். தொலைபேசியில் 'மோனோ' என்ற தெரிவை இயக்கினால் இக்குறை தீரும். மெற்றாலிக்கா குழுவின் 2008 ஆம் ஆண்டு வெளியீடாகிய 'டெத் மக்னெற்றிக்' அளவுமீறி ஓங்கிய சத்தத்தில் ஆக்கப்பட்டதென இரசிகர்களே முறையிட்டனர். அதனை எத்துணை விலையுயர்ந்த கருவியிற் கேட்டாலும் அந்த நெரிசல் நீங்காது.

போன செவி மீளாது

இத்துணையும் கூறியபின் நாம் இறுதியாக வந்து சேரவேண்டிய இடம் ஒன்றுண்டு. த ஹூ என்ற ஆங்கிலேயக் குழு 1976 இல் லண்டனின் சார்ள்ற்றன் மைதானத்தில் நடத்திய நிகழ்ச்சியில், மேடையிலிருந்து 32 மீற்றர் தொலைவில் 126 டெசிபெல் சத்தம் அளக்கப்பட்டது. உலகிலேயே ஓங்கி ஒலித்த நிகழ்ச்சியென அது கின்னஸ் நூலிலும் இடம்பெற்றது. அக்குழுவின் கிற்றார் கலைஞர் பீற் டவுன்சென்ட் பின்னாளிற் செவிப்புலன் குன்றினார். ஆனால் அதற்கு அவர் முதன்மையாகக் குற்றஞ்சாட்டியது மேடையையன்று. ஒலிப்பதிவுக் கூடத்திலே ஹெட்போனை அணிந்து ஓங்கிய சத்தத்தில் நெடுநேரம் கேட்டதே தம் செவியைக் கெடுத்ததென அவர் கூறி இளைஞரை எச்சரித்தமை 2006 இன் தொடக்கத்தில் உலகச் செய்தியாயிற்று. மைதானத்தையே அதிரவைத்தவரின் செவியைக் கெடுத்தது தலையிலே மாட்டிய ஒரு சிறு கருவி என்பது எவரையும் சிந்திக்க வைக்கும்.

வளர்ந்தோர் 80 டெசிபெல் அளவான சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சத்தம் 3 டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும். 83 டெசிபெல் ஆயின் 20 மணி. 86 ஆயின் 10 மணி. 89 ஆயின் 5 மணி. 101 டெசிபெலை எட்டும்போது வாரம் முழுவதற்கும் இருபது நிமிடங்கள்கூட இல்லை! உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. கேட்டு முடித்தபின் காதில் இரைச்சல் எழுமாயின், அது செவி விடுக்கும் எச்சரிக்கை. கைத்தொலைபேசிகள் பலவற்றில் சத்தத்துக்கு மேலெல்லை வகுக்கும் வசதி இன்று உண்டு. புதிய கருவியை முதன்முதலில் இணைக்கும்போதே அவ்வெல்லையை வகுத்துவிடுதல் நன்று.

ஆயின் றொக் இசையை மெல்லக் கேட்பது அவ்விசைக்கே இழைக்கும் அநீதியன்றோ என்று அதன் அன்பர் கேட்கலாம். அன்று. அவ்விசையின் வலிமை சத்தத்தின் அளவிலே மாத்திரம் தங்கியதன்று. முரசுக்கும் பேஸுக்கும் இடையே ஓடும் பிடிப்பிலும், கிற்றாரின் கரகரப்பிலே மறைந்துகிடக்கும் நூறு நிறங்களிலும், குரல் உடைகின்ற அந்தக் கணத்திலும் தங்கியது. நன்றாகப் பொருந்திய ஓர் எளிய கருவி அவற்றையெல்லாம் மெல்லிய சத்தத்திலேயே செவிக்குக் கொணர்ந்து தரும்.

வள்ளுவர் செவியாற் பெறும் செல்வத்தைப் பெரிதெனப் போற்றியது கல்வியைக் கருதி. இசையை விரும்புவோரும் அவ்வுரையைத் தமக்குரியதாகக் கொள்ளலாம். கருவி பழுதுற்றால் ஐம்பது டொலருக்கு இன்னொன்று வாங்கலாம்; மெத்தை உரிந்தால் மாற்றலாம்; கம்பி அறுந்தால் பொருத்தலாம். இவ்வளவுக்கும் உரிமையாளராகிய செவிக்கு மாற்றுறுப்பு எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே அடுத்தமுறை ஹெட்போன் வாங்கச் செல்பவர், விலைச்சீட்டைப் பார்க்குமுன் அதனைத் தலையில் மாட்டிப் பார்ப்பாராக. இருபது வயதிற் கேட்கும் அதே பாட்டை அறுபது வயதிலும் அதே தெளிவோடு கேட்கவேண்டுமென்ற ஆசை அவருக்கும் இருக்குமன்றோ?